கால் சும்மா வெச்சிருக்கேன்

ஏனுங்க, அந்த மிஷின்ல காப்பி புடிக்காதீங்க. காப்பி, டீ, பாலுன்னு மூணு பட்டன் வெச்சிருக்கான். மூணுலயும் ஒரே தண்ணிதான் வருது. மூணையும் குடிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்றேன். சும்மா உக்காருங்க. உங்க வண்டி "வாஷிங்ல இருக்குது"ன்னு சொன்னாங்களா? அப்பச் சரி. இன்னும் அதைத் தொடவே இல்லைன்னு அர்த்தம்.

இதுங்களா? மடியில வெச்சிருக்கறதா? மேட்டுங்க. காருக்குள்ள கால் வெக்கற எடத்துல போடற மேட்டு. பேப்பர்ல சுருட்டி வெச்சிருக்கறதப் பாத்துட்டு வாழப்பூன்னு நெனச்சுட்டீங்க போல. இங்க பாருங்க ஓட்டைய. வெரல உட்டுப் பாருங்க, உடுங்க, அந்தப் பக்கம் வருதுங்களா? புது வண்டி, வாங்கி ஒரு வருசம் ஆகல. அதுவும் டிரைவர் கால் வெக்கற மேட்டுன்னாலும் பரவால்ல. இது பின்சீட்டு மேட்டு. பின்சீட்டுல உக்காந்து வர்றவன் என்னங்க பண்ணுவான்? சும்மா உக்காந்து வருவான். சும்மா உக்காந்து வர்ற எடத்துல எப்படி ஓட்டை உழும்? கம்பெனி மேட்டு மட்டம். வேற என்ன? அதத்தான் கேக்க வந்தேன். கவுண்டர்ல அந்தப் புள்ள, "வாரண்டில வருமான்னு மேனேஜர கேட்டுட்டு வர்றேன் சார்"ன்னு உள்ள போச்சு. மேனேஜர் அமெரிக்காவுல இருப்பார் போல, இன்னும் வரக் காணோம்.

என்ற பேரு தெய்வசிகாமணிங்க. மணின்னு கூப்புடுவாங்க. பொள்ளாச்சியில 'தெய்வா டிரைவிங் ஸ்கூல்' நம்மளுதுதான். படிப்பு அஞ்சாவது. அதையும் நான் முடிக்கல, அஞ்சாவதுதான் என்னைய முடிச்சு வெளிய அனுப்புச்சு. ஆனா டாக்டரு, வக்கீலு, தாசில்தாரு, எல்லாரும் எங்கிட்ட திட்டு வாங்கித்தானுங்க கார் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. அந்த வகையில நானும் பெரிய படிப்புதான்.

டிரைவிங் ஸ்கூல் வண்டிய உள்ள பாத்திருக்கீங்களா? எடது பக்கம் வாத்தியார் சீட்டுக்குக் கீழயும் ஒரு பிரேக்கு இருக்கும். டிரைவர் பக்கத்து பிரேக்கோட கம்பி போட்டுச் சேத்திருக்கும். நான் இங்க மிதிச்சா அங்கயும் எறங்கும். ஆரம்பத்துல நானும் அத அவ்வளவா கண்டுக்க மாட்டேன். காலு பாட்டுக்கு ஒரு பக்கம் கெடக்கும். அப்பத்தான் ஒரு ஹெட்மாஸ்டர் கத்துக்க வந்தாரு. வாய்க்கால் ரோடு. நான் வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிட்டு இருக்கேன். நிமிந்து பாத்தா முன்னாடி ரோட்டக் காணோம், தண்ணி இருக்குது. எனக்கு நீச்சல் வராதுங்க. தண்ணி நெஞ்சு வரைக்கும் வந்திருச்சு, வாயில வெத்தல அப்படியே இருக்குது. அவரு கதவத் தொறந்து நீந்திப் போயி, கரையில நின்னுக்கிட்டு, "மணி, கிளட்ச்ச எப்ப அமுக்கணும்னு நீ சொல்லவே இல்லையேப்பா"ங்கறாரு.

அன்னைலருந்து என்ற வலது காலு அந்த பிரேக்கு மேலதான். மிதிக்க மாட்டேன். சும்மா வெச்சிருப்பேன். வெச்சிருக்கறது வேற, மிதிக்கறது வேற. சின்னப் புள்ளைக்கும் தெரியும் அது.

ஆனா பாருங்க, இந்த நாட்டுல எந்தச் சாமானும் தரமா வர்றதில்ல. மத்த ஸ்கூல் வண்டிக்கெல்லாம் பிரேக் கட்டை வருசக்கணக்குல ஓடும். எனக்கு மட்டும் கரும்புச் சக்கையாட்டம் தேஞ்சு போவும். செருப்புலயும் அப்படித்தான், வலது காலு செருப்புதான் எப்பவும் மொதல்ல போவும். எங்க ஊட்டுக்காரி கடையில போயி "ஒத்தச் செருப்பு விப்பீங்களா?"ன்னே கேட்டுட்டா. என்ற வண்டி பின்னால செவப்பு லைட்டு எப்பவும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரரு, "மணி வர்றான் பாரு, லைட்டு போட்டுட்டு"ம்பாரு. நம்ம ஸ்கூலுக்கு அது ஒரு அடையாளமாவே ஆயிருச்சு.

பழைய வண்டில பாடம் நல்லாப் போச்சுங்க. பசங்க ஆக்சிலேட்டர மிதிச்சா வண்டி முக்கும், மொனகும், சேத்துல இருந்து எருமைய ஏத்தற மாதிரி ஆடி அசைஞ்சு போவும். போவுமில்ல? அதுதான் முக்கியம். டெஸ்ட் அன்னைக்கு முன்சீட்டுல ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் உக்காந்துக்குவாரு, நான் பின்னாடி. அன்னைக்கு மட்டும் எங்க பசங்க கால வெச்சா வண்டி சீறிட்டுப் போவும். இன்ஸ்பெக்டர் ரெண்டு கையாலயும் டேஷ்போர்ட புடிச்சுக்குவாரு. "ஏய்யா மணி, கார் ஓட்டச் சொல்லித் தர்றியா, ராக்கெட் உடச் சொல்லித் தர்றியா?"ம்பாரு. எனக்குப் பெருமை தாங்காது. பாடம் அவ்வளவு ஆழமா எறங்கியிருக்குதுன்னு சிரிச்சுக்குவேன்.

அந்த நேரத்துலதான் இந்தப் புது வண்டிய வாங்கினேன்.

எதுக்குன்னு சொல்றேன் இருங்க. எங்க ஊட்டுக்காரி வேலாத்தா சோத்துக் கான்ட்ராக்ட்டு எடுத்திருக்கா. கோட்டூர் ரோட்டுல ஒரு தென்னநார் மில்லு. அங்க வேலை செய்யறவங்களுக்கு மத்தியானச் சோறு. ஊட்டுல இன்னும் ரெண்டு பொம்பளைங்களச் சேத்துக்கிட்டு வெடியக்காலைல இருந்து ஆக்குவா. ஆக்கறது அவ, கொண்டு போறது நானு. சோத்து அண்டாவும் ஏத்தலாம், பாடமும் நடத்தலாம்னுதான் இந்த வண்டி. எனக்குப் பத்து மணி கிளாசு பன்னெண்டுக்கு முடியும், சில நாளு ஒண்ணரைக்கு முடியும், அது பாடம் படிக்கறவன் மூளையப் பொறுத்தது. மில்லுல சங்கு ஊதி, ஆளுங்க தட்டத் தூக்கிட்டு நிப்பாங்க, சோறு வந்திருக்காது. ரெண்டு மூணு தடவ அப்படி ஆயிருச்சு. ஒரு நாளு சூப்பர்வைசரு வேலாத்தாளையே கூப்புட்டு, "அக்கா, உங்க கொழம்பு மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா சங்குக்கு முன்னால சோறு வந்தாகணும். இந்த மாசம் பாப்பேன், இல்லீன்னா ஹோட்டல்காரனுக்குக் குடுத்துருவேன்"னு சொல்லிட்டாரு.

ஊட்டுக்கு வந்தா. அழுவான்னு நெனச்சேன். அழுவல. "ஏனுங்க, எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக் குடுங்க"ன்னா.

நான் சிரிச்சுட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க. அவ சைக்கிள்ல உக்காந்தே நான் பாத்ததில்ல.

"சிரிக்கறத நிறுத்துங்க. ஊரு பொம்பளைக்கெல்லாம் சொல்லிக் குடுக்கறீங்க, என்ற காசுல போட்ட பெட்ரோல்லதான்"னா. உண்மைதான். கொஞ்ச நாளா ஸ்கூலு அவ கொழம்புலதான் ஓடுச்சு. அது வேற விசயம், உடுங்க.

புது வண்டியில உக்கார வெச்சேன். இதுலயும் எடது பக்கம் வாத்தியார் பிரேக்கு மாட்டியிருக்கேன், அங்க நானு. கால எப்பவும் போல சும்மா வெச்சேன். கிளட்ச்சு, கியரு எல்லாம் கிளி மாதிரி போடறா. கிளட்ச்ச மெதுவா உட்டு ஆக்சிலேட்டர மிதிச்சா... ம்ஹூம். எஞ்சின் "உம்"முன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். ரெண்டு முழம் போயி ஆஃப் ஆயிருச்சு.

"மிதி புள்ள."

"மிதிச்சுத்தான் இருக்கேன்."

"நல்லா மிதி."

"இதுக்கு மேல மிதிச்சா ரோட்டுல காலு பட்டுரும்."

பழைய வண்டியில அப்படி மிதிச்சா முக்கிட்டாவது போவும். இது முக்கவும் இல்ல, மொனகவும் இல்ல. போடா நீயுன்னு படுத்துக்குச்சு. வாய்க்கால் ஏத்தத்துல இன்னும் மோசம். ஏத்தத்துல நிறுத்தி எடுக்கறதுக்குள்ள அவளுக்கு வேர்த்து ஒழுகுது, பின்னால தேங்கா லாரிக்காரன் ஹாரன் அடிக்கறான், தலைய வெளிய நீட்டி, "அண்ணா, பிரேக் லைட்ட அணைங்கண்ணா, கண்ணு கூசுது!"ங்கறான். வெவரம் கெட்டவன். 

வேலாத்தா ஸ்டீரிங்க உட்டுட்டு என்னையவே பாத்தா. அப்புறம் குனிஞ்சு கீழ பாத்தா.

"உங்க கால எடுங்க."

"காலு சும்மா வெச்சிருக்கேன்."

"சும்மா இருக்கறத எடுத்தா என்ன?"

"சும்மா இருக்கறத எதுக்கு எடுக்கோணும்?"

பொம்பளைக்கு மெஷின் சமாச்சாரம் அவ்வளவுதான் வரும்னு உட்டுட்டேன். ஆனா மத்தப் பசங்களுக்கும் அதே கதைதாங்க. பேங்க்குக்காரரு ஒருத்தர், "மணி, இந்த வண்டிக்கு எம்மேல ஏதோ கோவம்"ன்னு பாதியிலயே வேற ஸ்கூலுக்குப் போயிட்டாரு. இதுல வேடிக்கை என்னன்னா, நான் எறங்கி டீ குடிக்கப் போனா வண்டி ஓடுது! கிரவுண்ட ஒரு சுத்து சுத்திட்டு வந்து நிக்குது. நான் ஏறினா படுத்துக்குது. கண்ணால பாத்தேன். வண்டிக்கு எங்கிட்ட மட்டும் என்னங்க வம்பு? எலுமிச்சம்பழம் வெச்சேன். சக்கரத்துல நசுங்குச்சே தவிர வேற ஒண்ணும் ஆவல.

அப்புறம் இங்கதான் கொண்டு வந்தேன். நிதர்சன்னு ஒரு பையன், கழுத்துல அட்டை தொங்குது, இன்ஜினியராம். மீச இன்னும் யோசிச்சுட்டு இருக்குது வரலாமா வேண்டாமான்னு. லேப்டாப்ப வண்டியில சொருகிப் பாத்தான். "ஒரு ஃபால்ட்டும் இல்லீங்ணா"ன்னான். ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கலாம்னு அவன் ஸ்டீரிங்ல உக்காந்தான், நான் பக்கத்துல, வேலாத்தா பின்னாடி. கேட்டு தாண்டலிங்க. படுத்துருச்சு. பாத்தியா தம்பின்னேன்.

அவன் என்ற காலையே பாத்தான். என்னமோ இந்த வருசம் எல்லாருக்கும் என்ற கால் மேலயே கண்ணு.

"அண்ணா, உங்க பழைய வண்டில ஆக்சிலேட்டர மிதிச்சா ஒரு ஒயர் நேரா போயி எஞ்சினுக்குக் காத்து போற வால்வ இழுத்துத் தொறக்கும். இதுல அந்த ஒயரே கெடையாது. நீங்க எவ்வளவு மிதிக்கறீங்கன்னு ஒரு சென்சாரு கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டரு யோசிச்சு, ஒரு சின்ன மோட்டார வெச்சுத் தொறக்கும்"னான்.

"நான் மிதிச்சதுக்கு அது எதுக்குத் தம்பி யோசிக்குது?"

"பிரேக்கயும் சேத்து மிதிச்சிருக்காங்களான்னு பாக்கும்ணா. ரெண்டும் ஒரே நேரத்துல வந்தா, அது பிரேக்கு பேச்சத்தான் கேக்கும். ஆக்சிலேட்டர எவ்வளவு மிதிச்சாலும் எஞ்சின் வேகத்தக் கொறச்சிரும்."

"என்ன அநியாயம்? அப்படி எதுக்கு வெச்சிருக்கான்?"

"பாதுகாப்புக்குங்ணா. சில நேரம் கீழ போட்டிருக்கற மேட்டு நகந்து போயி ஆக்சிலேட்டர அமுக்கிக்கும். வண்டி பறக்கும். பயத்துல பிரேக்க மிதிச்சா நிக்கோணுமில்ல? அதுக்குத்தான்."

"ஆக, மேட்டுதான் காரணம்."

"இல்லீங்ணா..."

"நீதானே சொன்ன?"

அவன் பெருமூச்சு உட்டுட்டு, "அண்ணா, ஒரே ஒரு தடவ கால மேல தூக்கிச் சம்மணம் போட்டு உக்காருங்க"ன்னான். உக்காந்தேன். வண்டி பாம்பாட்டம் வளஞ்சு போவுது. "இப்ப எறக்கி வெய்ங்க"ன்னான். வெச்சேன். படுத்துருச்சு. "இப்பத் தெரியுதுங்களாண்ணா?"ன்னான். தெரியாம என்ன? இந்த வண்டிக்கு மரியாதை வேணும். முன்னால காலத் தொங்கப் போட்டு உக்காந்தா புடிக்கறதில்ல. பின்னாடி பாத்தா வேலாத்தா முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு குலுங்கறா. அவளுக்கு அப்பப்ப இப்படிப் பொறையேறும்.

ஊட்டுக்குப் போனதும் முன்பக்கத்து மேட்டு ரெண்டையும் கழட்டி வீசிட்டேன். காரணம் தெரிஞ்சுட்டு சும்மா இருக்க முடியுங்களா? மேட்டு போயும் வண்டி அப்படியேதான் இருந்துச்சு. பழக்க தோஷம்.

அதுக்கப்புறம் கிளாசுக்கு நான் உக்காந்தா வேலாத்தா சாவியத் திருவவே மாட்டா. "சம்மணம்"ம்பா. மொழங்கால் வலிக்குதுன்னா, "அப்ப எறங்கி டீ குடிங்க"ம்பா. அந்த மாசம் நான் குடிச்ச டீக்கு அளவே இல்லீங்க. அவ கிரவுண்டுல சுத்தறா. நான் டீக்கடை பெஞ்சுல உக்காந்து பாத்துட்டே இருக்கேன். கடைக்காரரு, "மணி, பெஞ்ச ஆட்டாத, கிளாஸ் உழுவுது"ங்கறாரு. நான் எங்க ஆட்டினேன்?

டெஸ்ட் அன்னைக்கு "நீங்க வரவேண்டாம்"னா. கேக்காம நானும் கூடப் போயிட்டேன். பின்சீட்டுல உக்காந்து, இன்ஸ்பெக்டர்கிட்ட மொதல்லயே சொல்லிட்டேன். "ஐயா, ஏத்தத்துல வண்டி படுத்துக்கும். அது அவ தப்பில்ல, இந்த வண்டி பொறப்பே அப்படி. மனசுல வெச்சுக்கிட்டு பாத்துப் போடுங்க"ன்னு. பெயிலானா மில்லு போயிருமேங்கற பயம் எனக்கு. அவரு கால மடக்கி வெச்சு, அட்டை மேல பேப்பர வெச்சு எழுதறதுக்கு ரெடியானாரு.

ஏத்தத்துல நிறுத்தச் சொன்னாரு. நிறுத்தினா. எடுக்கச் சொன்னாரு. நான் கண்ண மூடிக்கிட்டேன். கண்ணத் தொறந்தா வண்டி ஏத்தத்துக்கு மேல நிக்குது. வெண்ணெய்ல கத்தி போன மாதிரிங்க. ராக்கெட்டும் இல்ல, எருமையும் இல்ல. என்ற ஸ்கூல்ல இருந்து அப்படி ஒருத்தர் ஓட்டி அந்த இன்ஸ்பெக்டரு பாத்ததே இல்ல. "யாரும்மா உனக்குச் சொல்லிக் குடுத்தது?"ன்னாரு.

"நானுங்க"ன்னேன் பின்னாலருந்து.

வேலாத்தாளுக்கு மறுபடியும் பொறையேறிருச்சு.

நான் என்ன நெனக்கறேன்னா, வண்டிக்கு கவர்மெண்ட் ஆளுன்னா பயம். காக்கியப் பாத்ததும் ஒழுங்கா ஓடிருச்சு. வேற என்ன சொல்லறது?

லைசென்சு வந்த அன்னைக்கு அவளே சோத்து அண்டாவ ஏத்துனா. கொழம்பு, ரசம், பொரியல் எல்லாம் ஏத்தி, சேலையில கைய தொடச்சுட்டு ஸ்டீரிங்ல உக்காந்தா. கூட வர்றேன்னு கதவத் தொறந்தேன். "நீங்க வந்தா சோறு ஆறிரும்"னு சொல்லிட்டுப் போயிட்டா. தனியா. தேங்கா லாரியும் டிப்பரும் போற ரோடுங்க அது. நான் கேட்டுகிட்டயே நின்னு பாத்தேன், முக்குத் திரும்பற வரைக்கும், திரும்பின பொறவும். எதிர் ஊட்டு ருக்குமணியக்கா, "என்ன மணி, தேளா?"ன்னாங்க. எங்கன்னு கேட்டேன். "வலது காலப் போட்டு அந்தக் குத்து குத்தறியே, அதான் கேட்டேன்"னாங்க. குனிஞ்சு பாத்தா செருப்பு வாரு அறுந்து கெடக்குது. நான் சொன்னேனில்ல, எந்தச் சாமானும் தரமில்ல.

சங்குக்கு முன்னாலயே போயிட்டா. அன்னைக்கு மட்டும் இல்ல, அதுக்கப்புறம் ஒரு நாளும் சோறு நேரங்கழிச்சுப் போனதில்ல. ஹோட்டல்காரன் பேச்சே மில்லுல இப்ப இல்ல. இன்னொரு மில்லுலயும் கேக்கறாங்களாம். நான் என்ற பசங்கள பழைய வண்டிலயே உக்கார வெச்சுட்டேன். அந்த வண்டிக்குத்தான் என்ற அருமை தெரியும்.

ஆனா அண்டா எறக்க ஆளு வேணுமில்லீங்க? பொம்பள ஒத்தையா எப்படி எறக்குவா? கிளாச மாத்தி வெச்சுக்கிட்டு நானும் வர்றேன்னேன்.

"வாங்க. ஆனா பின்சீட்டு."

முன்சீட்டு காலியாத்தான் கெடக்குதுன்னேன்.

"அங்க ரசம் இருக்குது"ன்னா.

அப்படியே தெனமும் போறேன். ரசம் முன்னாடி, நான் பின்னாடி. ஏசி பின்னாலயும் வருது, கொறை சொல்லக்கூடாது. அவளும் நல்லாத்தான் ஓட்டறா. டிப்பர ஓவர்டேக் பண்றப்ப மட்டும் எனக்குக் கத்தோணும்னு வரும். ஆனா வாயத் தொறக்க மாட்டேன். தொறந்தா எறக்கி உட்டுருவா, ஒரு தடவ எறக்கி உட்டா, ஆழியாறு ரோட்டுல. அதனால நான் பாட்டுக்கு கைய மடியில வெச்சுக்கிட்டு, காலு...

காலு சும்மா இருக்கும்.

தா, வந்திருச்சு அந்தப் புள்ள. என்ன கண்ணு சொன்னாரு மேனேஜரு? இல்லீங்களா? மனுசங்க மிதிச்சுத் தேஞ்சா வாரண்டி இல்லையா? ஏங்கண்ணு, பின்சீட்டுல யாரு மிதிப்பாங்க? அங்க மிதிக்கறதுக்கு என்ன இருக்குது? சரி போ, உன்னையச் சொல்லி என்ன பண்ண.

பாத்தீங்களாங்க நியாயத்த? 

இருங்க, அந்த ஹாரன் நம்ம வண்டிதான். மில்லுல சோத்த எறக்கிட்டு வந்துட்டா. என்னைய இங்க எறக்கி உட்டுட்டுத்தான் போனா. அந்தா வர்றா பாருங்க, அதான் வேலாத்தா. இவரு வண்டி வாஷிங்ல இருக்குது புள்ள, பாவம், பேசிட்டு இருந்தேன்.

இல்லியாம், மேட்டு குடுக்க மாட்டாங்களாம்.

என்னது அது கையில? பிரி பாக்கலாம். நார் மேட்டா? மில்லுலயா போட்டுக் குடுத்தாங்க? நீ கேட்டியா? எதுக்கு புள்ள?

கேட்டீங்களாங்க? "முழுசும் தேங்கா நாரு, தேயாது, தைரியமா மிதிங்க"ங்கறா. ஏய், இவருகிட்டச் சொல்லு, நான் என்னைக்காவது மிதிச்சிருக்கனா? சொல்லு.

தா, பொறையேறிருச்சு அவளுக்கு. போ, போயி வண்டிய எடு, வர்றேன்.

வரட்டுங்களா? தொட்டுப் பாருங்க, நல்லாக் கெட்டியாத்தான் பண்ணியிருக்காங்க. கால் சும்மா வெச்சுக்கறதுக்குச் சொகமா இருக்கும்.